வெந்நீர்க் கந்தோர்

புரட்டாதி போய் ஐப்பசி வருகிற நாட்களில், ஒரு விடியற்காலை அந்தச் சத்தம் கேட்கும். முதலில் ஒரு செருமல். பிறகு குழாய்க்குள் காற்று இடறி விழுந்து, எழும்பி, ஓடுகிற சத்தம். கோடை முழுக்கச் சும்மா கிடந்த, வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டருக்குள் நகரத்தின் வெந்நீர் திரும்பி வருகிறது. அதன் முதுகில் படிந்த தூசி சூடேறி, கருகியும் கருகாமலும் ஒரு மணம். அயலவர்களுக்கு அது குளிர் தொடங்கிவிட்டது என்ற செய்தி, அவ்வளவுதான். எனக்கு அது ஒரு கந்தோரின், ஓர் அரசு அலுவலகத்தின் மணம். நான் ஒருநாளும் உள்ளே போயிராத கந்தோர்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் வடக்கே, ஓல்போர்க்கில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. என் கணவர் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். இங்கே அகதியாக வந்து, டெனிஷ் வகுப்பு முடித்து, அவருக்குக் கிடைத்த முதல் வேலை அம்ற்றின் எரிசக்திப் பிரிவில். பல நகரசபைகளைச் சேர்த்துக் கட்டிய மாகாண அரசைத்தான் அம்ற் என்பார்கள். ஆஸ்பத்திரி அதனுடையது, பெரிய றோட்டு அதனுடையது. அந்த நாட்களில் குளிர்காலமும் அதனுடையது என்றே நான் நினைத்திருந்தேன்.

அவர் பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்குவார். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காரோடக்கூடாது என்று இந்த நாடு ஒருகாலம் வெறும் றோட்டாய்க் கிடந்ததாம். அந்தப் பயத்தில் பிறந்ததாம் அந்தக் கந்தோர். வீட்டுக்கு வீடு எண்ணெய் அடுப்பு எரிக்கிறதை விட்டுவிட்டு, மின்நிலையம் வீணாகக் கடலில் கொட்டுகிற சூட்டைக் குழாயில் பிடித்து வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். குழாய் எட்டாத இடத்துக்கு வடகடலில் இருந்து வரும் காஸ். இரண்டும் கட்டுப்படியாகாத ஊர்கள் முன்னைப்போலவே கிடக்கட்டும். எந்த ஊருக்கு எது என்று நகரசபைகளிடம் விவரம் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே படத்தில் சேர்த்து, கொப்பன்ஹேகனில் இருக்கிற எரிசக்தி அமைச்சுக்கு அனுப்புவதுதான் அம்ற்றின் வேலை. படத்தை வரைகிறவர்களில் ஒருவர் இவர். வெந்நீருக்குச் சிவப்பு. காஸுக்கு மஞ்சள். மிச்சம் வெள்ளை.

அணு உலை வேண்டாம் என்று பாராளுமன்றம் முடிவெடுத்த பிறகு, உலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு வட்டத்தைப் படத்திலிருந்து சவர அலகால் சுரண்டி எடுத்ததும் இவர்தான். பக்கத்து மேசையில் இருந்த டெனிஷ் பெண், பையில் அணு உலை எதிர்ப்பாளர்களின் சிரிக்கிற சூரியனை ஒட்டியிருந்தவள், வந்து நின்று கைதட்டினாளாம். அன்று அவர் அலகைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

கீழ்வீட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒருவர் இருந்தார், மீன் தொழிற்சாலையில் வேலை. "என்ன அண்ணை, டென்மார்க் முழுக்க வெந்நீர் வைச்சு முடிஞ்சுதோ?" என்பார் படியில் கண்டால். அன்றிலிருந்து எங்களுக்குள் அது வெந்நீர்க் கந்தோர்.

சிரிப்புக்கு அடியில் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருடைய ஐயா தனியாக இருந்தார். மாமியார் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. வேறு பிள்ளைகள் இல்லை. கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல யாருமில்லாத ஊர். பொழுதுபட்டால் விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு, ஹெலிகொப்டர் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஒரு கிழவர். அவரை இங்கே எடுப்பிக்க வேண்டும். வயது சென்ற தகப்பனைக் கூப்பிடலாம், ஆனால் அவரைப் பராமரிக்கக்கூடிய நிரந்தர வேலை உங்களுக்கு இருக்க வேண்டும் என்று பொலிஸ் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். இவருடையது தற்காலிக வேலை. எங்கள் வாழ்க்கை அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் கிடந்தது. தற்காலிகம். நிரந்தரம்.

சின்ன அறையில் ஐயாவுக்கென்று கட்டில் போட்டோம். ஆளில்லாத அறை, ஆனாலும் இவர் அங்கே ரேடியேட்டரை மூடவிடமாட்டார். ஐயாவுக்குக் குளிர் ஒத்துவராது, சுவர் இப்போதிருந்தே சூடேறட்டும் என்பார். நான் அந்த அறையில் மிளகாய் காயப்போட்டேன். வீடெல்லாம் தும்மல்.

நிரந்தரமாவது எப்படி என்று தனக்குத் தெரியும் என்று இவர் நினைத்திருந்தார். ஊரில் தற்காலிகமாகச் சேர்ந்தவன் தலையைக் குனிந்துகொண்டு, கேட்கமுன்னம் வேலையை முடித்து நீட்டவேண்டும். பெரியவரின் கண்ணில் படவேண்டும். அப்படித்தான் நில அளவைக் கந்தோரில் இவரை நிரந்தரமாக்கினார்கள். இங்கே நாலு மணிக்கு எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விடுவார்கள். இவர் இருப்பார். வெளிச்ச மேசையின் மேல் குனிந்து, மற்றவர்களுடைய தாள்களையும் இழுத்து வைத்துக் கோடு போடுவார். பொழுதுபட்டு வெகுநேரம் கழித்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே சோற்றைப் பிசைவார். விரல் இடுக்கில் சிவப்பு மை.

சூரியன் ஒட்டிய பையோடு வருகிறவள் அவரை மெதுவாகச் செய்யச் சொன்னாள். ஒருமுறை அல்ல. தாள்களைத் தன் பக்கம் திருப்பி எடுத்தும் வைத்தாளாம். மொழி தெரியாத மனுஷனுக்கு இரங்குகிறாள் என்று இவர் நினைத்தார். பிறகு, என்னைச் சோம்பேறியாக்கப் பார்க்கிறாள் என்றார். கடைசியாக ஒருநாள் வந்து, பெரிய பகிடி போல எனக்குச் சொன்னார்.

"படம் முடிஞ்சால் நாங்களும் முடிஞ்சம் எண்டு சொல்லுறாள். சொல்லிப்போட்டு அவளே சிரிக்கிறாள்."

நானும் சிரித்தேன். இங்கே உண்மையையும் பகிடியாகத்தான் சொல்வார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எந்த வகுப்பும் இருக்கவில்லை.

கோடை வரைக்கும் நீள வேண்டிய படம், பனி கரையமுன்னமே முடிந்தது. கந்தோரில் கேக் வெட்டப் போகிறார்கள் என்று வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் விடிய எழும்பி றோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டேன். கலியாணத்துக்குக் கட்டின டையைக் கட்டிக்கொண்டு போனார். மேசை முழுக்கக் குட்டிக் கொடிகளாம். பிரிவுத் தலைவர் எழும்பி, இவரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தாராம். இவ்வளவு சுத்தமான கோடு தன் காலத்தில் கண்டதில்லை என்றாராம். எல்லாரும் றோல்ஸ் தின்று, உறைப்பில் கண்கலங்கிச் சிரித்தார்களாம்.

பின்னேரம் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கோப்பியும் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். அம்ற்றின் வேலை திட்டம் போடுவது. திட்டம் போட்டாயிற்று. இனி அமைச்சு சரி என்றால், நகரசபைகள் தோண்டிக் குழாய் புதைக்கும். கந்தோரில் பழைய ஆட்கள் சிலரை மட்டும் வைத்திருப்பார்கள்; கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும், அது ஒழுங்கு. தாள்கள் கோடை வரை இருந்திருந்தால், அதற்கிடையில் வேறு பிரிவில் ஏதாவது இடம் பார்த்திருக்கலாம் என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னாராம். நல்ல மனுஷன். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கமுடியாதது. கோபிக்க ஒருத்தருமில்லை.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை. சின்ன அறைக் கட்டிலில் அப்படியே இருந்தார். டை கழுத்தில் கிடந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போன பிறகு எடுத்துக் குடித்தார். இவ்வளவு காலமும் என் கையால் என் காலடி மண்ணையே தோண்டி அள்ளிக் கொண்டிருந்திருக்கிறேன் என்று, என்னிடம் இல்லை, சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். கடைசி மாதங்களில் விடியற்காலையில் எழுப்பி அனுப்பியவள் நான்தான். கெதியாய் முடியுங்கோ, கெதியாய் முடியுங்கோ என்று நானும்தானே நேர்ந்தேன்.

பிறகு அவர் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். அங்கேயும் தற்காலிகம்தான். அந்தப் படத்தின்படி றோட்டுகளைத் தோண்டினார்கள், குழாய்கள் போயின, புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பல வருஷங்களுக்குப் பிறகு அம்ற் என்பதையே அரசு கலைத்துவிட்டது. இப்போது பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், அது என்ன என்று டெனிஷில் கேட்கிறார்கள். அது கலைந்தது தெரியாமல் வெந்நீர் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

ஐயாவிடம் சொன்ன நாள்தான் மிச்சம். ஓல்போர்க்கை விட்டுப் புறப்படும் கிழமை அது. ஊரில் ஒரு மருந்துக்கடையில் ஃபோன் இருந்தது. இன்ன நாள் எடுப்போம் என்று சொல்லி அனுப்பினால் ஐயா அங்கே வந்து நிற்பார். மகன் கூப்பிடப்போகிறான் என்ற நம்பிக்கையில் சைக்கிளை அயலில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். அன்று நடந்துதான் வந்திருந்தார். அவர் குரலை நாங்கள் கேட்டது அதுதான் கடைசி. அடுத்த மாரிக்குள், நித்திரையில், ஒருத்தருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போய்விட்டார். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

இவர் ஒரே மூச்சில் சொன்னார். "ஐயா, இப்ப உங்களைக் கூப்பிட ஏலாது. வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ, நிப்பாட்டினவங்களோ?"

"முடிஞ்சுது ஐயா. நான்தான் முடிச்சனான்."

"வடிவாச் செய்தனியே?"

"ஓம்."

கடல் இரைச்சல் மாதிரி ஒன்றுக்கு மேலால் ஐயாவின் குரல் வந்தது.

"உங்கட வீடும் அந்தப் படத்துக்குள்ள வருதோ?"

"வருது ஐயா."

"அப்ப உனக்கும் மருமோளுக்கும் குளிராது. எனக்கு அது போதும். வை மோனை, கடையைப் பூட்டப் போறாங்கள்."