கோடு வரைக்கும் தண்ணி

தையல்காரருக்கு அடுத்தபடியாகக் கத்தரிக்கோலை அதிகம் பிடிக்கிறவன் மருந்துக்கடைக்காரன்தான். பத்து மாத்திரை உள்ள அட்டையை யாராவது முழுசாகக் கேட்டுவிட்டால், "வெளியூரா?" என்று விசாரிப்போம். உள்ளூர்க்காரர் என்றால் ரெண்டு, மிஞ்சிப்போனால் மூணு. நறுக்கிக் கொடுத்துக் கொடுத்தே என் கட்டைவிரல் காய்த்துப்போனது.

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கின சகாக்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். பெரியவர்கள் தலைவலிக்கு ஒத்தை மாத்திரை கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு வாங்க வருகிறவர்களிடம்தான் எனக்குக் கோபமும் வரும், இரக்கமும் வரும். அதில் ஒரு பிள்ளையின் உயிர் என் அவசரத்தால் ஊசலாடியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எது முக்கியம்?

முத்துமாரி பாலவனத்தத்திலிருந்து வருவாள். புருசன் டவுனில் கூலிக்குத் தறி ஓட்டினான். அவள் வீட்டில் தார் சுற்றினாள், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. மூத்தவள் செல்லத்துக்கு ஆறு வயசு, சின்னவன் பாண்டிக்கு ஒண்ணரை. பிள்ளையை டாக்டரிடம் காட்ட வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ்ஸுக்கு ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு. மிச்சம் மீதி இருந்தால்தான் எங்கள் கடை.

முதல் தடவை வந்தபோது பாண்டியின் சீட்டில் நாலு மருந்து. கையில் இருந்த காசைக் கவுண்டரில் வைத்து, "இதுக்குள்ள எது முக்கியமோ அதை மட்டும் குடுங்கண்ணே" என்றாள். வந்ததே எனக்குக் கோபம்! "நாலையும் எழுதுன டாக்டர் என்ன கிறுக்கரா? நான் பத்தாங்கிளாஸ், தாயி. அவருட்டயே போயிக் கேளு" என்று சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. கடைசியில் சத்து டானிக்கை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் பொட்டலம் கட்டினேன். வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவருட்ட கேட்டா அஞ்சாவதா ஒண்ணு எழுதிருவாருண்ணே."

அண்ணன் சீட்டு

திருச்சுழிப் பக்கம் கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர் ஒருத்தர். பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். மடிப்பு மடிப்பாகக் கரி. பார்த்தால் மூணு வருஷத்துச் சீட்டு. "வயசு எட்டுன்னு போட்டிருக்கே, இப்ப யாருக்குய்யா காய்ச்சல்?" என்றேன். "சின்னவனுக்கு. ரெண்டு வயசு. பெரியவனுக்கு இதுலதான் ஒரே நாள்ல விட்டுச்சு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கவர்மெண்டு ஆஸ்பத்திரில சும்மாதானே பாக்குறாக, அங்க தூக்கிட்டுப் போனா என்ன?" என்றேன். "வரிசையில நின்னு வர பொழுது சாஞ்சிரும். அதுக்குள்ள மூட்டத்துல காத்து பூந்தா கரியெல்லாம் சாம்பலு, அண்ணாச்சி." சின்னப் பிள்ளைக்கான காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, நாளைக்கும் கொதித்தால் மூட்டம் எக்கேடு கெட்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். வாய் சும்மா இருக்காமல், "அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடலாம்யா, அண்ணன் மருந்தைக் குடுக்கலாமா?" என்றும் கேட்டேன். மனுசன் சிரித்தார். "சட்டை பெருசா இருந்தா கையை மடிச்சு விடுறோம்ல அண்ணாச்சி, அது மாதிரி இதையும் கொஞ்சம் மடிச்சுக் குடுங்க."

கோடு

பிள்ளைகளுக்குப் பொடி பாட்டில் என்று ஒன்று உண்டு. உள்ளே மருந்து பொடியாக இருக்கும், வெளியே ஒரு கோடு போட்டிருக்கும். கொதித்து ஆறின தண்ணியைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கினால் அஞ்சு நாளைக்கு மருந்து. நாங்களே கலக்கிக் கொடுப்பதுதான் வழக்கம்.

ஒரு மார்கழிப் பனியில் பாண்டிக்குச் சளி என்று முத்துமாரி அந்தப் பாட்டிலுக்குச் சீட்டு கொண்டுவந்தாள். "கலக்க வேணாம்ணே, வீட்டுல போயி ஊத்திக்கிறேன்" என்றாள். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கவுண்டரில் ஏழெட்டுக் கை நீண்டுகொண்டிருந்தது. "கோடு வரைக்கும் தண்ணி, தாயி" என்று கத்திவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன்.

நாலாம் நாள் மத்தியானம் பாண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளைக்கு விலா உள்ளே போய்க் குழி விழுந்தது. பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தேன். பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்து அரிசி களைந்த தண்ணியாக இருந்தது. "எது வரைக்கும் ஊத்துன?" என்றேன். பாட்டிலின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். செல்லத்துக்கும் அதே இருமலாம். டாக்டருக்குக் கொடுக்க ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருந்திருக்கிறது, ஒரு பாட்டிலை ரெண்டு பிள்ளைக்கு ஆக்கியிருக்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் அழுதுகொண்டே கேட்டாள்: "ஆளு கூடுனா மோருல தண்ணி ஊத்துறதில்லையாண்ணே?"

மதுரை பஸ்ஸு

டாக்டர் பார்த்த கையோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அவளோ கடை வாசலில் நின்றுகொண்டு, "எங்க வீட்டுக்காரரு தறியில பாவு நூலு ஏத்திருக்காக. பாதியில விட்டு வந்தா வேற ஆளப் போட்டுருவாக. காலையில அவுகளோட மொத பஸ்ஸுக்குப் போறேன்" என்கிறாள். "காலையில எதைத் தூக்கிட்டுப் போவ?" என்று கேட்டுவிட்டேன். ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா அது? இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவள் காலை என்று பேசவில்லை.

அவள் தனியாகப் போய் எங்கே நிற்பாள், யாரிடம் என்ன சொல்வாள்? முதலாளியிடம் போய், "கலக்காமக் குடுத்தது என் தப்பு, மொதலாளி. நானும் கூடப் போறேன்" என்றேன். டீ குடிக்கப் போய் அஞ்சு நிமிஷம் தாமதித்தால் அரை மணி நேரம் ஏசுகிற மனுசர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து என் இடத்துக்கு வந்தார். "தப்பு யாரு மேலன்னு வந்து பேசிக்கிருவோம். பஸ்ஸு போயிரும், ஓடுறா."

எத்தனை பேர் இருமுறாக?

வழியெல்லாம் அவள் மாரியாத்தாளைக் கூப்பிட்டாள், நான் ஏசப்பாவைக் கூப்பிட்டேன். யார் கேட்டார்களோ தெரியாது, பாண்டி பிழைத்தான். ஒன்பதாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவன் என் சட்டைப்பை பேனாவைப் பிடித்து இழுத்தான். கவுண்டரில் ஆள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து கலக்காத பாட்டில் என் கையிலிருந்து போனதில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன்: "வீட்டுல எத்தனை புள்ளைக இருமுது?" ரெண்டு என்றால், அந்த ரெண்டாவதையும் டாக்டரிடம் காட்டாமல் விடமாட்டேன். பெரிய வேலை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. ரெண்டு என்று சொன்னால் ரெண்டு டாக்டர் பீஸ் என்பது எனக்கு முன்னால் அம்மாமாருக்குப் புரிந்துவிட்டது.

மறுவருஷப் பனியில் முத்துமாரி ரெண்டு பிள்ளைகளோடும் வந்தாள். சீட்டு பாண்டி பேருக்கு. பாட்டிலைக் கலக்கிக்கொண்டே கேட்டேன். "ஒண்ணுதாண்ணே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அவள் சேலையை ஒட்டிச் செல்லம் நின்றாள். ரெண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று சிவந்து, கண்ணில் தண்ணி கோத்திருந்தது. கவுண்டருக்கு மேலே எட்டிக் குனிந்து, "ஒனக்கு இருமல் இல்லையாத்தா?" என்றேன். அவள் கையை எடுத்து, எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "இல்ல மாமா, பஸ்ஸுல வரும்போதே அம்மா நிறுத்தச் சொல்லிட்டாக."

டாக்டர் சீட்டில் ஒரு பிள்ளையின் பேரைத்தான் எழுதுகிறார், எங்கள் பக்கத்து அம்மாமார்தான் அதை ரேஷன் கார்டாக வாசித்துவிடுகிறார்கள்.