அதை அழிக்காதீங்க தங்கச்சி

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு பிரதேச சபைத் தேர்தல் காலம் அது. இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் நான் ஒரு கொமியுனிகேஷன் கடை நடத்திக்கொண்டிருந்தேன். டெலிபோன், போட்டோ கொப்பி, இன்டர்நெட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போன நம்ம ஆட்களுக்காக இன்டர்நெட்டில் ஒரு செய்திப் பலகையும் தொடங்கியிருந்தேன். யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம். கல்யாணம், சாவு, தேர்த் திருவிழா என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை எழுதுவார்கள்.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்து பார்த்தால், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தேர்தலில் நின்ற ஒரு பெண்ணைத் திட்டி யாரோ புனைபெயரில் எழுதியிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் கூரைக்குக் கட்சி கொடுத்த தகரத்தை அவர் விற்றுத் தின்றுவிட்டாராம்.

நான் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய கட்சிக்காரர்கள் சிலர் வந்துவிட்டார்கள். எழுதியது யார் என்று கேட்டார்கள்.

"தெரியாது அண்ணே. பேரு போடாமலே எழுதலாம்" என்றேன்.

"ஆள் தெரியாதுன்னா நீதான் பொறுப்பு. பலகை உன்னோடதுதானே? இப்பவே அழி."

அழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு முன்தினம்தான் மற்றக் கட்சிக்காரர் ஒருவர் போனில், "எங்களைத் திட்டினா விட்டு வைக்கிறே, அவங்களைச் சொன்னா அழிக்கிறே" என்று கத்தியிருந்தார். எதைச் செய்தாலும் ஒரு பக்கத்து ஆளாகிவிடுவேன் என்று கை தயங்கியது.

அந்த நேரம் பார்த்து, அவர்கள் அழிக்கச் சொல்லிப் போட்ட சத்தத்தைக் கேட்டபடி அந்தப் பெண்ணே படியேறி வந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, "என்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்காமே, சத்தமா வாசிங்க தங்கச்சி" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் வாசித்தேன். 'திருடி' என்ற இடத்தில் நான் தடுமாற, "அதையும் சொல்லுங்க" என்றார்.

"அழிச்சிடுறேன் அக்கா."

"அதை அழிக்காதீங்க தங்கச்சி. வாசிச்சவங்க வாசிச்சுட்டாங்க. இப்ப அழிச்சா, நான் பயந்துட்டேன்னுதான் பேசுவாங்க. அதுக்குக் கீழயே நான் சொல்றதை எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் டைப் செய்தேன்.

"எங்க தோட்டத்துக்குத் தகரம் வரவே இல்ல. வரும்னு கூட்டத்துல சொன்னாங்க. நானும் நம்பி லயம் லயமாப் போய்ச் சொன்னேன். வராத தகரத்தை எப்படி விக்கிறது? சந்தேகம்னா வந்து எங்க கூரையைப் பாருங்க. மழை நாள்ல வந்தா இன்னும் நல்லாத் தெரியும்."

கட்சிக்காரர்களின் முகம் மாறிவிட்டது. தகரம் கொடுத்தாகிவிட்டது என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். ஒருவர் கம்ப்யூட்டர் வயரில் கை வைத்தார். "ரெண்டையும் அழி. இல்லாட்டி கடையை மூட வேண்டி வரும்."

அந்த அக்கா எழும்பவே இல்லை. "என் மேல பழி வந்தப்ப அதை மட்டும்தானே அழிக்கச் சொன்னீங்க? இப்ப எதுக்கு நான் சொன்னதையும் அழிக்கணும்?" என்று குரலை உயர்த்தாமல் கேட்டார். டெலிபோனுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்சிக்காரர்கள் வயரை விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

இரண்டையும் அப்படியே விட்டுவைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் கொழும்பில் வேலை செய்யும் டயகமத் தோட்டத்துப் பையன்கள், "எங்க தோட்டத்துக்கும் வரல" என்று எழுதினார்கள். முதலில் திட்டி எழுதியவரிடமிருந்து சத்தமே இல்லை.

அந்த அக்காவுக்காகக் கட்சி ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. தோற்றுப்போனார். கடைக் கட்டடத்துச் சொந்தக்காரர் பயந்து நெருக்கியதில், பலகையை நானும் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டபோது மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னேன். "தோத்தா என்ன, திருடின்னு யாரும் கூப்பிடல தங்கச்சி" என்று சிரித்தார்.

இப்போது கையிலிருக்கும் போனில் யார் யாரைப் பற்றியோ என்னென்னவோ வந்து விழுகிறது. எதை விடலாம், எதை அழிக்கலாம் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது, ஆனால் சொல்லப்பட்ட ஆளின் பதிலைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை.