தொட்டி மீனுக்கு வந்த வருத்தம்

மன்னார் சந்தையில் பெற்றிசியாவின் தலையில் பழுதான மீனைக் கட்ட இனி ஒருத்தன் பிறந்துதான் வரவேணும். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், "முந்தநாள் பிடிச்சது, கொண்டு போ" என்று தள்ளிவிடுவாள். முப்பது வருசம் மீன் வித்த மனுசி. ஆரையும் லேசில் நம்பமாட்டாள்.

மகன் மில்ரன் கட்டாருக்குப் போகேக்க, "அம்மா, இதைச் சாக விட்டிடாதேங்கோ" என்று ஒரு தங்கமீனைத் தொட்டியோடு ஒப்படைத்துவிட்டுப் போனான். அதற்குத்தான் வருத்தம் வந்தது. கண் மங்கிப்போச்சு. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பெற்றிசியா சந்தையால் வந்ததும் வராததுமாய்த் தொட்டிக்குள் கையை விட்டு, மீனைப் பிடித்து, செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். நாளுக்கு நாள் மோசம்.

ஆரோ என்னவோ போடுகினம்! ஆரோ என்ன ஆரோ, வீட்டில் இருக்கிறது மருமகள் டினோஜா ஒருத்திதானே. பின்னேரங்களில் தொட்டியடி ஈரமாய்க் கிடக்கும். கேட்டால் "ஒண்டுமில்லை மாமி" என்பாள். ஒண்டுமில்லாததுக்கு நிலம் ஏன் நனையுது? கலியாணம் கட்டி ஆறு மாதத்தில் புருசன் வெளிநாடு போன ஆத்திரத்தை இந்த வாயில்லாச் சீவனில் காட்டுறாள் என்று பெற்றிசியா முடிவே கட்டிவிட்டாள். ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டாள்.

"நஞ்சு வைக்கிறியோடி?"

டினோஜா அறைக்குள் போனாள். முருங்கனில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போக உடுப்பு அடுக்கத் தொடங்கினாள்.

போறவள் போகட்டும், ஆனால் கையும் மெய்யுமாய்ப் பிடித்துத்தான் அனுப்பவேணும். பெற்றிசியா தொட்டித் தண்ணியை ஒரு போத்தலில் அள்ளிக்கொண்டு, உப்புக்குளம் பக்கம் கடை வைத்து வளர்ப்பு மீன் விற்கிற முனவ்வரிடம் விறுவிறென்று நடந்தாள்.

முனவ்வர் போத்தலைக் குலுக்கினார். நுரை எழும்பி நின்றது.

"சவுக்காரம், அக்கா. தொட்டிக்குள்ள ஆர் கை விடுறது?"

"நான்தான், தம்பி. செவுள் பார்க்க."

"சந்தையால வந்து கையை என்னத்தால கழுவுறனீங்கள்?"

மீன் வெடுக்கு மணம் போகப் பெற்றிசியா உள்ளங்கை நிறையச் சவுக்காரத்தூள் போட்டுத் தேய்ப்பாள். அரைகுறையாய் அலசிவிட்டு நேரே தொட்டிக்குத்தான் போவாள்.

"இவ்வளவு நாளும் மீன் தப்பினதே பெரிய காரியம்," என்றார் அவர். "ஆரோ ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்தியிருக்கினம்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாய் வந்தாள். வாசலில் ஓட்டோ நின்றது. டினோஜா பையோடு வெளியே வந்தாள்.

"என்ரை கைச் சவுக்காரம் எண்டு தெரிஞ்சும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பியளே மாமி?"

பெற்றிசியா கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தாள். "இல்லை. நம்பியிருக்க மாட்டன்," என்றாள். "என்னை மன்னிச்சுக்கொள். போகாதை, பிள்ளை."

டினோஜா பையை ஓட்டோவில் வைத்தாள்.

"தொட்டித் தண்ணியில கால்வாசியை, முதல்நாளே பிடிச்சு வைச்ச தண்ணியால மாத்துங்கோ," என்றாள். "கையை மட்டும் விடாதேங்கோ."