பிரேசர் டவுன் ரொட்டிக் கடையில் ருசி பார்க்க ஆளில்லாத சனிக்கிழமை

ஈஸ்டர் ரொட்டி வாங்குவதற்கென்றே வேலூரிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிய ஆள் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் என் ஆசையில் இல்லை. நான் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் மானேஜர் பெங்களூர் கண்டோன்மென்டில் வளர்ந்த கிறிஸ்தவர். அங்கே ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் அவருடைய ருஷ்ய மனைவியும் நடத்தும் பேக்கரியின் ரொட்டி இல்லாமல் அவர் வீட்டில் ஈஸ்டர் கிடையாதாம். "சும்மா ஒரு நடை போயிட்டு வந்துடுப்பா" என்றார். மானேஜர் வாயால் சொன்னால் நடையும் உத்தரவுதான். இந்த 1959-ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு, காட்பாடியில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன்.

ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்பது சரி. பண்டிகைக் கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. ஜோலார்பேட்டை வரை ஒற்றைக்காலில் நின்றேன். அதற்குப் பிறகு ஒரு டிரங்குப் பெட்டியின் விளிம்பில் உட்கார இடம் கிடைத்தது. சுமார் நூற்று நாற்பது மைல். டிக்கெட் நாலு ரூபாய்ச் சொச்சம். முதுகு வலிக்கு யார் காசு கொடுப்பது? காலை ஏழு மணிக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது, ஊரின் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டும் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர் எட்டணா கேட்டார். பிரேசர் டவுன் ஒன்றரை மைல்கூட இருக்காது. ஆனாலும் பேரம் பேசத் தெம்பில்லை. பிலிப்பைன்ஸ்காரர் ரொட்டிக் கடை என்றதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயா சாமி? முன்னெல்லாம் ஜனம் மொய்க்கும். இப்ப ஒரு மாசமா ரொட்டி உப்புக் கரிக்குதுன்னு யாரும் போறதில்ல."

நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை ஒரு சந்துக்குள் ஓட்டு வீட்டின் முன்னறையில் இருந்தது. உள்ளே போனதும் வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வேகும் வாசனை. அந்தப் பசியில் அது கொஞ்சம் கொடுமைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் இரண்டு தேசத்துக்குப் பிறந்த பிள்ளைகள். ருஷ்யர்கள் கம்பு மாதிரி ஏதோ ஒரு தானியத்தில் செய்யும் கறுப்பு ரொட்டியை இங்கே ராகியில் செய்கிறார்கள். அவர்களுடைய சோமாசி போன்ற பலகாரத்துக்குள், பிலிப்பைன்ஸ் முறைப்படி காடியும் பூண்டும் போட்டு வேகவைத்த கோழியை அடைக்கிறார்கள். ஈஸ்டர் ரொட்டி மாவைப் பால்பவுடர் டின்னில் போட்டு உயரமாக வேகவிடுவது ருஷ்ய அம்மாவின் ஊர் வழக்கம். மாவில் தேங்காய்ப்பால் விட்டு, மேலே வெண்ணெயும் சர்க்கரையும் சீஸ் துருவலும் தூவுவது ஐயாவின் ஊர் வழக்கம்.

ஐயாவின் பெயர் பெனிட்டோ. எல்லோருக்கும் மாஸ்டர். ஷாங்காய் ஹோட்டல்களில் டிரம்பெட் ஊதியவர். அங்கேதான் வேராம்மாவைக் கல்யாணம் செய்திருக்கிறார். யுத்த காலத்தில் சோல்ஜர்களுக்கு வாசிக்க இந்த ஊருக்கு வந்தார்கள். நாற்பத்தேழில் வெள்ளைக்காரன் போனான், பேண்டும் போனது. பிறகு மாஸ்டருக்கு முன்பற்களும் போயின. பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாதாம். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கரீம் பாய்தான் இதையெல்லாம் சொன்னார். நோன்பு நாள் என்பதால் மெதுவாகப் பேசினார்.

இந்தக் கடையில் வேலை நடக்கும் விதத்தையும் அவரே சொன்னார். மாவு பிசைவது வேராம்மா. உப்பும் சர்க்கரையும் போட்டு ருசி பார்ப்பது மாஸ்டர். அந்த அம்மாவின் சபையில் வருஷத்தில் பாதி நாள் நோன்பு. முட்டை, பால், வெண்ணெய் எதுவும் நாக்கில் படக்கூடாது. அவர்கள் பஞ்சாங்கம் வேறு, ஈஸ்டர் இந்த வருஷம் ஒரு மாதம் தள்ளி வருகிறது. ஆகவே ஊருக்கெல்லாம் ஈஸ்டர் ரொட்டி பிசையும்போது அந்த அம்மா விரதம். கரீம் பாய்க்கோ ரம்ஜான். மிச்சமிருந்த ஒரே நாக்கு மாஸ்டருடையது. அவருக்குப் போன மாதம் டைபாய்டு.

காய்ச்சல் விட்டதிலிருந்துதான் ரொட்டி கரிக்கிறது. கேட்டால் மாவு சரியில்லை, வெயில் சரியில்லை என்கிறாராம். இரவு நோன்பு திறந்த பிறகு கரீம் பாய் ஒரு துண்டு தின்று பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். பகலெல்லாம் காய்ந்த நாக்குக்கு எல்லாமே உப்புதான் என்று மாஸ்டர் சீறியிருக்கிறார். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள், அவர்களோடும் சண்டை. இன்று சாயங்காலம் ஈஸ்டர் ஆர்டர்கள் போக வேண்டும். அதுவும் கெட்டால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார் பாய்.

அப்போது முதல் அடுப்பு ரொட்டி வெளியே வந்தது. வேராம்மா ஒரு துண்டு வெட்டி நேரே என் முன்னால் நீட்டினார். சந்தையில் கற்ற தமிழ். எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்.

"நீ வெளியூரு. உனக்கு எங்க மேல கோவமும் இல்ல, பாசமும் இல்ல. தின்னு சொல்லு."

நான் முட்டை தொடாத வீட்டில் பிறந்தவன். சொல்லவும் சொன்னேன். அந்த அம்மா கையை மடக்கவில்லை. சிவ சிவா என்று வாயில் போட்டேன். போட்டதுதான் தாமதம், கடல்தண்ணீர் மாதிரி கரித்தது. மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை என்னிடம் என்ன கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டுமே! உப்பு அதிகம் என்றேன்.

மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றார். சரியாக இருக்கிறது என்றார்.

வேராம்மா முக்காடு போலத் தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, சிலுவைக் குறி போட்டுவிட்டு, தானே ஒரு துண்டைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார். கரீம் பாய் எழுந்து நின்றுவிட்டார். ருஷ்யாவைவிட்டு ஓடிவந்தபோதுகூட முறிக்காத விரதமாம் அது. மாஸ்டர் பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்க்க முடியாமல் கரீம் பாயைப் பார்த்துப் பேசினார்.

"பாய், நீ சொன்னது நெஜம். எனக்கு நாக்கு செத்துப்போச்சு. உப்பும் தெரியல, சக்கரையும் தெரியல. ஊதவும் முடியாது, இதுவும் போச்சுன்னா நான் இங்க எதுக்கு?"

வேராம்மா துண்டைத் தட்டிலேயே வைத்தார். அவருடைய கையை மாஸ்டர் விடவே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மைதா இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. மறுபடி பிசைந்தார்கள். உப்புப் போட்டது மாஸ்டர் கைதான், ருசி பார்த்தது நான். பச்சை மாவு, பச்சை முட்டை வேறு. எவ்வளவு உப்பு சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் பாயசத்துக்கு ஒரு சிட்டிகை போடுவார்கள், இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் தெரியும் என்றேன். அதேதான் என்று மாஸ்டர் தலையை ஆட்டினார். மாவு பொங்கும் வரை ராகிச் சாக்கின் மேல் சாய்ந்து தூங்கினேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

நாலு மணிக்கு ரொட்டி வந்தது. வாசலில் ஒரு பெண் நின்றாள். போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டவளாம், இன்று ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறாள். மாஸ்டர் சூடான ரொட்டியைப் பிட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"எனக்கு ருசி தெரியலம்மா. காய்ச்சல்ல போயிடுச்சு. நீ தின்னு சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் மென்றாள்.

"இப்பதான் மாஸ்டர் சரியா இருக்கு. இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க கோச்சுக்குவமா?"

ஆர்டரை வாங்கிக்கொண்டு போனவள் தெருவில் என்ன சொன்னாளோ, ஆறு மணிக்குள் அலமாரி காலி. என் மானேஜருக்கு எட்டு ரொட்டியைக் கரீம் பாய் முன்பே ஒதுக்கி வைத்திருந்தார். ஒன்றரை ரூபாய் வீதம் கொடுத்தேன். ருசி பார்த்ததற்குக் கூலி என்று வேராம்மா ஒரு ராகி ரொட்டியைத் தனியாகச் சுற்றிக் கொடுத்தார். அதில் முட்டை கிடையாது. இரவு ரயிலில் அதைத் தின்றுகொண்டே நின்றபடி ஊர் வந்து சேர்ந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பண்டிகைக்கு முன்தினம் போகாதீர்கள், எலும்பு தாங்காது. ஜட்காவுக்கு ஆறணாவே அதிகம். கோழி அடைத்த பலகாரம் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், சைவர்கள் ராகி ரொட்டி கேளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் மாஸ்டர் ஒரு துண்டைப் பிட்டு உங்கள் கையில் வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார். மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் மென்று முடிக்கும்வரை அவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.