முட்டையில்லா கேக்கும் கண்ணாடி இறக்கைகளும்

மகளுக்கு ஐந்து வயது நிறைந்த அந்த ஐப்பசியில் இரும்புலியூரில் மழை விட்டபாடில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். சமையல் வகுப்பு ஒன்றில் ஜெலட்டினில் பட்டாம்பூச்சி இறக்கை செய்யக் கற்றிருந்தேன். கற்றதோடு விட்டிருக்கலாம். "உன் பிறந்தநாள் கேக் ஒரு பூந்தோட்டம். மேலே கண்ணாடி மாதிரி பட்டாம்பூச்சி நிக்கும். அதையும் சாப்பிடலாம்" என்று மகளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் பள்ளியில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள்.

முட்டை வாசனை அடித்தால் மாமியார் சமையலறைப் பக்கமே வரமாட்டார். அதனால் டின் பால் ஊற்றி, முட்டையில்லாத கேக். முட்டை பட்டிருக்கக்கூடாது என்று புதுப் பாத்திரமே வாங்கினேன். அவ்வளவு கவனம்.

ஜெலட்டின் தூளை ஊறவைத்து, வெந்நீரின் மேல் உருக்கி, நிறம் கலந்து, பிளாஸ்டிக் தாளில் மெல்லிசாகத் தடவ வேண்டும். ஓர் இரவில் காய்ந்து தானாகக் கழன்று வரும் என்றார் ஆசிரியை. அவர் வீட்டில் வந்திருக்கும். எங்கள் வீட்டில் சுவரே வியர்த்தது. வியாழனன்று தடவியது வெள்ளி மாலையிலும் பிசுபிசுத்தது. அடுத்ததில் மின்விசிறித் தூசி ஒட்டியது. சனிக்கிழமை கரண்ட் போனது. காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். "காஞ்சிடுச்சாம்மா?" என்று மகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரல் வைத்துப் பார்த்தாள். வைத்த இடத்திலெல்லாம் ரேகை.

ஞாயிறு காலை நான்கு இறக்கைகள் முழுதாகக் கழன்றன. சன்னலோரம் பிடித்தால் தெருவே தெரிந்தது. மகள் குதித்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா மாலை விருந்துக்கு நாற்காலிகள் கொடுக்க வந்தார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் எங்களுக்கென்று சேமியா பாயசம் அனுப்புகிறவர்.

"இன்னாம்மா, பிளாஸ்டிக்கை உரிச்சிக்கினு கீறே?"

"இறக்கைக்கா. சாப்பிடலாம். ஜெலட்டின்."

அவர் முகம் மாறியது. "தப்பா நினைக்காதே. எம் புள்ளைங்களுக்கு இது வேணாம். எந்த மாட்டு எலும்போ, எப்படி அறுத்ததோ." சற்று யோசித்துவிட்டு, "எங்களுக்கே ஆகாதுன்னா உங்க மாமியாருக்கு எப்படிம்மா ஆவும்?" என்றார்.

நான் வேதியியல் பட்டதாரி. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் ஜெலட்டின் எடுப்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். பாடப்புத்தக ஜெலட்டினும் கடையில் வாங்கிய ஜெலட்டினும் ஒன்றேதான் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. இதில் முட்டைக்குப் பயந்து புதுப் பாத்திரம் வேறு!

சொல்லாமல் வைத்துவிட்டால்? மாமியாருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே. அழகுக்கு மட்டும் வைத்து, வெட்டும்போது எடுத்துவிட்டால்? க்ரீமில் பட்டது பட்டதுதானே. மாற்றி மாற்றி யோசித்ததில் தலைவலிதான் வந்தது.

"வூட்ல கடல்பாசி கீது, நோன்புக்கு வாங்கினது. கொண்டாரவா?" என்றார் அக்கா.

கடல்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் உறைந்துவிடும். ஆனால் இறக்கையாக நிற்காது. பட்டாம்பூச்சி வடிவில் வெட்டிக் கேக்கின் மேல் படுக்கவைத்தேன். ஒன்று வழுக்கி ஓரத்தில் தொங்கியது.

"இது பறக்கவே பறக்காது" என்று மகள் அழ ஆரம்பித்தாள். எலும்பு விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டிக்கு மட்டும் குடுக்காதே. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா!"

"சொன்னா சொன்னதுதான். போய் முகம் கழுவு!" என்று கத்தினேன். கத்தியது அவளைப் பார்த்து அல்ல என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மாலையில் பிள்ளைகள் கேக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். "நிக்கும்னியே? படுத்துக்கிட்டு இருக்கு?" என்றாள் ஒருத்தி. மகள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள், "எங்கம்மா நிக்கத்தான் வெச்சாங்க. பாட்டியும் சாப்பிடணும்னு படுக்க வெச்சிட்டாங்க" என்றாள். கேட்டவள் தலையாட்டிவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அக்காவின் பிள்ளைகள் அடுத்ததற்குச் சண்டை போட்டார்கள். மாமியார் இரண்டு கேட்டு வாங்கினார்.

எல்லோரும் போனபின் க்ரீம் ஒட்டிய தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் கடையிலேயே வாங்கிடலாம்மா. நீ ரொம்பக் கத்துறே."