நான் அழுத்திய பொத்தான்

போன வாரம் சமயநல்லூரிலிருந்து டாக்ஸியில் வந்தேன். முன்கண்ணாடியோரம் ஓட்டுநரின் செல்போன் வெயிலில் கொதித்து, சூடான பிளாஸ்டிக் வாடை அடித்தது. பாதி வழியில் மேப் நின்றுவிட, என் கை தானாக நீண்டு அதைத் தட்டியது. "விடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார், கொஞ்சம் கடுப்பாக. என் கைக்கு இது பழைய வியாதி.

விமானம் ஓட்டப் படித்த நாட்களில் எங்கள் பயிற்சி விமானத்திலும் இதே வாடைதான். முன்பலகையில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி. நாங்கள் டப்பா என்போம். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாதபோது அதுதான் வழி காட்டும். ஆனால் ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பியதும் ஒரு சின்னப் பொத்தானை அழுத்தி, ஜிபிஎஸ்ஸை விட்டு விமான நிலையத்தின் ரேடியோ சிக்னலுக்கு மாற வேண்டும். மாறாவிட்டால், இறங்கச் சொல்லும் ஊசி அசையாது.

பயிற்சியில் என் ஜோடி பேரையூர் பால்பாண்டி. அவன் ஓட்டினால் தம்ளரில் தண்ணீர் அலுங்காது. டப்பா என்றால் மட்டும் நடுக்கம். மேகத்துக்குள் பறப்பதுபோலப் பழகுவதற்காக, ஜன்னல் பக்கம் பார்வை போகவிடாத கண்மறைப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, "மாப்ள, நான் ஓட்டுறேன், நீ டப்பாவப் பாத்துக்க" என்பான். பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டேன். அவன் யோசிக்கும் முன்பே என் விரல் பொத்தானுக்குப் போய்விடும். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு வேறு.

அவன் ஏற்கெனவே ஒரு முறை தேர்வில் தோற்றிருந்தான். அந்த மாதம் தேறினால் வேலை என்று ஒரு விமானக் கம்பெனி சொல்லியிருந்தது. "இதுவும் போச்சுன்னா ஊருக்கே போயிர வேண்டியதுதான்டா" என்றான் தேர்வன்று காலையில். அவன் பக்கத்தில் தேர்வு அதிகாரி. அடுத்த முறை என்னுடையது என்பதால் நான் பின் இருக்கையில். வாய் திறக்கக் கூடாது.

கடைசித் திருப்பம் வந்தது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை. தொப்பிக்குள் அவன் தலை ஊசியை நோக்கிக் குனிந்தபடியே இருந்தது. உயரம் குறையாமல் ஓடுதளத்தைத் தாண்டினோம். கீழே கப்பலூர் தகரக் கூரைகள் மினுங்கியபோது அதிகாரி, "போதும் தம்பி, குடுங்க" என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

இறங்கியதும் பால்பாண்டி கோபப்படவில்லை. "உன் கை வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டா" என்றான். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் நான் ஏறி, எல்லாப் பொத்தானையும் சரியாக அழுத்தி, பாஸானேன்.

அந்தப் பயிற்சிப் பள்ளி இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம். நான் கேப்டனாகிவிட்டேன். அவனைக் கற்க விடாமல் செய்தது நான்தான் என்பது எனக்கு அன்றே தெரியும். சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

டாக்ஸியை விட்டு இறங்கியதும் அவன் பழைய நம்பருக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெண். ராங் நம்பர் என்றார். மறுநாளும் செய்தேன். மூன்றாம் நாள் அவர் அலுத்துப்போய், "அண்ணே, இந்த நம்பர் எங்கிட்ட வந்தே ஆறு வருசமாச்சு. அவருகிட்டச் சொல்ல வேண்டியத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார்.

அதற்குள் நான் பாதி சொல்லியிருந்தேன்.