நாலாம் பக்கத்துக் கோழி

நாமக்கல்லில் கல்லூரி முதலாண்டு படித்தபோது, ‘எங்கள் வீட்டுத் தொழில்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் தமிழ் மேடம். எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. ஆதிமனிதன் தீயைக் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்கி ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மேடம் கூப்பிட்டார்.

“ஏஞ்சாமி, மூணு பக்கம் படிச்சுட்டேன். ஒரு கோழியைக்கூடக் காணமே?”

“நாலாம் பக்கத்துல வருதுங்க மேடம்.”

“அது வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருச்சு. உங்க பண்ணையில நடந்தது ஏதாச்சும் ஒண்ணை எழுதிட்டு வா.”

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே, அத்தை மகள் கல்யாணத்தன்று நடந்ததை எழுதினேன். மாப்பிள்ளை ஊர்வலம் பண்ணை வழியாக வந்தது. சத்தம் கேட்டால் கோழிகள் மிரண்டு முட்டையிடாது என்று அப்பா ஓடிப்போய் பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் கைகூப்பி நின்றார். வாத்தியம் நின்றது. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த காரின் இன்ஜினையும் அணைக்கச் சொல்லிவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பந்திகளே காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. மேடம் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். கார் தள்ளும் இடத்தில் அவருக்கே சிரிப்பு தாங்காமல் வாசிப்பு நின்றுபோனது.

பெருமையோடு கட்டுரையை அப்பாவிடம் நீட்டினேன். சிரிக்காமல் இரண்டு முறை படித்தார்.

“முக்கியமானதை உட்டுட்டயே சாமி. அடுத்த நாளு ஒரு முட்டைகூடக் கொறையலைன்னு எழுதலையே?”

மதிப்பெண் போட்டாயிற்று என்று சொல்லியும் விடவில்லை. பேனாவைக் கையில் கொடுத்து, அந்த வரியை எழுதவைத்த பிறகுதான் சாப்பிடப் போனார்.